வாடகைத் தளத்தில் சூழலுக்கு உகந்த அலுவலகம்: எதில் முதலில் செலவிடுவது?

பழைய மகாபலிபுரம் சாலையில், பெருங்குடிப் பக்கம், 4,000 சதுர அடித் தளம் ஒன்றை வாடகைக்கு எடுத்து 40 பேர் பணிபுரியும் அலுவலகமாக அமைக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். இன்டீரியர் ஒப்பந்தக்காரர் செடிச்சுவர், மூங்கில் பலகை, மொட்டைமாடியில் சோலார் தகடு, பசுமைச் சான்றிதழ் ஆகிய நான்கையும் முன்வைத்திருப்பதாகவும், இவற்றில் எதில் முதலில் பணம் போடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். இந்த நான்கில் எதிலும் முதலில் போட வேண்டாம் என்பதே என் பதில். சென்னையில் ஓர் அலுவலகத்தால் சூழலுக்கு நேரும் கேட்டில் பெரும்பங்கு குளிரூட்டலிலிருந்து வருகிறது. அடுத்த பெரும்பங்கு, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உள்ளே இருப்பதையெல்லாம் உடைத்தெறிந்துவிட்டுப் புதிதாகச் செய்வதிலிருந்து வருகிறது. இவ்விரண்டையும் தீர்மானிக்கும் முடிவுகள் பெரும்பாலும் மரவேலை தொடங்குவதற்கு முன்பே எடுக்கப்பட்டுவிடுகின்றன.

வாடகை ஒப்பந்தத்தில் இன்னும் கையெழுத்திடவில்லை என்று சொல்லியிருப்பதால், தளத்தைத் தேர்வதிலிருந்தே தொடங்குகிறேன். ராஜீவ் காந்தி சாலை என்று இப்போது பெயர் பெற்றிருக்கும் அந்தச் சாலை ஏறத்தாழ வடக்கு தெற்காகச் செல்கிறது. ஆகவே அதன் கிழக்குப் புறத்தில் நின்று சாலையைப் பார்க்கும் கண்ணாடி முகப்புக் கட்டடம் மேற்கு நோக்கியே இருக்கும். பிற்பகல் இரண்டு மணியிலிருந்து அந்தியடையும் வரை, வெளிக்காற்றும் சுவரும் ஏற்கெனவே சூடேறியிருக்கும் வேளையில், வெயில் நேரே மேசைமேல் விழும். அதே கட்டடத்தின் பின்பக்கத் தளம் கிழக்கு நோக்கியது. காலை வெயில் காற்று சூடாகும் முன்பே கடந்துவிடுகிறது, பிற்பகலில் கடற்காற்றும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வருகிறது. தரகர்கள் சாலை தெரியும் தளத்துக்குத்தான் கூடுதல் வாடகை சொல்வார்கள் என்பது உங்களுக்கு வாய்ப்பு. பின்பக்கத் தளத்தைக் கேளுங்கள்.

வடக்கு அல்லது தெற்கு நோக்கிய சன்னல்கள் கிடைத்தால் இன்னும் நல்லது. சென்னை 13 டிகிரி வட அட்சத்தில் இருப்பதால் ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை நண்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே நிற்கிறது. எஞ்சிய மாதங்களில் தெற்கே சாய்கிறது. இரண்டு திசையிலும் அது உயரத்திலிருந்தே வருவதால் ஓரளவு நீண்ட சன்ஷேடு போதும். மேற்கு வெயிலோ தாழ்வாக வந்து சன்ஷேடுக்கு அடியில் நுழைந்துவிடும். அதைத் தடுக்க, கண்ணாடிக்கு வெளியே செங்குத்துப் பலகைகளோ சாய்பலகைகளோ வேண்டும். உள்ளே மாட்டும் ரோலர் பிளைண்ட் கண் கூச்சத்தைத் தடுக்குமே தவிர வெப்பத்தை அதிகம் தடுக்காது, ஏனெனில் பிளைண்டைத் தொடும் வெயில் கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயில். புதுச்சேரியில் கட்டடக் கலைஞர் அன்டோனின் ரேமண்ட் வடிவமைத்து 1937இல் வேலை தொடங்கப்பட்ட கோல்கொண்டே விடுதியை ஒருமுறை வெளியிலிருந்தாவது பாருங்கள். நீளவாக்குப் பக்கங்களை வடக்கும் தெற்குமாக வைத்து, வெளிச்சுவர் நிற்கவேண்டிய இடம் முழுவதும் அசைக்கக்கூடிய சாய்பலகைகளைப் பொருத்தியிருக்கிறார்கள். குளிரூட்டி இல்லாமலே அந்தக் கட்டடம் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது. உரிமையாளரின் அனுமதியில்லாமல் வாடகைதாரர் முகப்பில் கைவைக்க முடியாது என்பது உண்மைதான். அதனால்தான் முகப்பு சரியாக அமைந்த கட்டடத்தைத் தேடச் சொல்கிறேன். மேல்தளமாக இருந்தால், தளத்தின்மேல் வெள்ளை ஓடாவது வெயிலைத் திருப்பும் பூச்சாவது உண்டா என்று கேளுங்கள். இரண்டும் இல்லையென்றால் ஒரு தளம் கீழே இறங்கிவிடுவது மேல்.

இனி குளிரூட்டல். ஏசி ஒப்பந்தக்காரர்கள் பலர் 100 முதல் 150 சதுர அடிக்கு ஒரு டன் என்று வாய்ப்பாடு போலச் சொல்வார்கள். அப்படியானால் உங்கள் தளத்துக்கு 27 முதல் 40 டன் ஆகிவிடும். குழல்விளக்கும் மேசைக் கணினியும் வெப்பத்தைக் கக்கிக்கொண்டிருந்த காலத்தில் பழகிப்போன கணக்கு அது. சுவர், கண்ணாடி, ஆட்கள், கருவிகள், வெளிக்காற்று ஆகிய ஒவ்வொன்றிலிருந்தும் வரும் வெப்பத்தைத் தனித்தனியே எழுதிக் கூட்டிய வெப்பச்சுமைக் கணக்கைக் காகிதத்தில் கேட்டு வாங்குங்கள். வெயில் மறைக்கப்பட்ட தளத்தில் 200 முதல் 250 சதுர அடிக்கு ஒரு டன் போதும் என்று விடை வருவது அரிதன்று. அளவுக்கு மிஞ்சிய ஏசி பணத்தை வீணாக்குவதோடு நிற்பதில்லை. சென்னைப் புழுக்கத்தில் அது வேலையையும் ஒழுங்காகச் செய்யாது. காற்றிலிருந்து ஈரம் வடிய வேண்டுமானால் அதன் சுருள் தொடர்ந்து நெடுநேரம் குளிர்ந்திருக்க வேண்டும். தேவைக்கு மேற்பட்ட திறனுள்ள கருவி சில நிமிடங்களில் வெப்பநிலையை இறக்கிவிட்டு நின்றுவிடும்; குளிர் இருக்கும், பிசுபிசுப்பும் இருக்கும், அதைப் போக்க யாராவது ரிமோட்டை எடுத்து 20 டிகிரிக்கு இறக்குவார்கள். தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும் இன்வெர்ட்டர் வகை இந்தக் குறையைத் தணிக்கும், முழுவதும் நீக்காது.

அறைகளுக்கான ஏசி 24 டிகிரியில் தொடங்கும்படி ஆலையிலேயே அமைக்கப்பட்டிருக்க வேண்டும் என்பது 2020 ஜனவரி 1 முதல் இந்தியாவில் விதி. வெப்பநிலை அமைப்பை ஒரு டிகிரி உயர்த்தினால் ஏறத்தாழ 6 விழுக்காடு மின்சாரம் மிச்சமாகும் என்பது மத்திய அரசின் எரிசக்தித் திறன் அமைப்பான பிஇஇயின் கணிப்பு. நான் 26 அல்லது 27ஐப் பரிந்துரைப்பேன், ஒரு நிபந்தனையோடு: தலைக்குமேல் மின்விசிறி சுழல வேண்டும். மின்சாரம் குறைவாக எடுக்கும் பிஎல்டிசி மோட்டார் வைத்த மின்விசிறி ஒன்று முழு வேகத்திலும் 30 வாட் அளவில்தான் எடுக்கும். பழைய வகை 75 வாட் எடுக்கும். உடலின்மேல் காற்று படும்போது 27 டிகிரியும் இதமாகவே இருக்கும். சூடான நாட்டில் பழகிய உடல் அதற்கேற்ற வெப்பநிலையிலேயே நிறைவடைகிறது என்ற அடிப்படையில், அகமதாபாத்தின் செப்ட் பல்கலைக்கழகத்தினர் இந்திய அலுவலகங்களில் கள ஆய்வு நடத்தி உருவாக்கிய கணக்கீட்டு முறையை 2016ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. கோட்டு அணிந்து வாடிக்கையாளரைச் சந்திக்கும் வழக்கம் உங்கள் நிறுவனத்தில் இருந்தால் அந்த ஓர் அறையை மட்டும் குளிரவைத்துக்கொள்ளுங்கள்.

ஏசி வாங்கும்போது நட்சத்திரத்தை எல்லோரும் பார்க்கிறார்கள், உள்ளே அடைக்கப்பட்ட வாயு எது என்பதைச் சிலரே பார்க்கிறார்கள். ஆர்-410ஏ என்ற வாயு ஒரு கிலோ கசிந்தால் 2,000 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்கு ஈடான வெப்பமூட்டும் ஆற்றல் வளிமண்டலத்தில் சேரும். இந்திய மின்கட்டமைப்பில் ஒரு யூனிட்டுக்கு ஏறத்தாழ 0.7 கிலோ கரியமில வாயு வெளியாகிறது என்பதோடு ஒப்பிட்டால், அந்த ஒரு கிலோ கசிவு கிட்டத்தட்ட 3,000 யூனிட் மின்சாரத்துக்குச் சமம். ஆர்-32 அதில் மூன்றில் ஒரு பங்கே. ஆர்-290 எனப்படும் புரோப்பேன் வாயுவின் தாக்கம் புறக்கணிக்கத்தக்கது, ஆனால் எளிதில் தீப்பற்றுவதால் சிறிய ஸ்பிளிட் கருவிகளில்தான் கிடைக்கும். ஒரே வெளிக்கருவியிலிருந்து பல உள்கருவிகளுக்குத் தளம் முழுவதும் நீளமான செம்புக் குழாய் ஓடும் விஆர்எஃப் அமைப்பில் வாயுவின் அளவும் மிகுதி, கசியக்கூடிய இணைப்புகளும் மிகுதி. உங்கள் அளவுள்ள தளத்துக்கு ஆர்-32 நிரப்பிய தனித்தனி இன்வெர்ட்டர் கருவிகளை மண்டலவாரியாகப் பிரித்து வைப்பதே சரி. பத்துப் பேர் மட்டும் தங்கி வேலை செய்யும் மாலையில் மற்ற மண்டலங்களை அணைத்துவிடலாம். சர்வர் அறைக்குக் கட்டாயம் தனிக் கருவி வையுங்கள், இல்லையேல் ஓர் அலமாரிக்காக இரவு முழுவதும் அரைத் தளம் குளிர்ந்துகொண்டிருக்கும்.

ஸ்பிளிட் ஏசியும் கேசட் ஏசியும் உள்ளே இருக்கும் காற்றையே சுற்றவிடுகின்றன, வெளிக்காற்றைக் கொண்டுவருவதில்லை. சென்னை அலுவலகங்களில் பிற்பகல் மூன்று மணிக்கு வரும் தூக்கத்துக்குச் சாப்பாட்டை மட்டும் குறைசொல்வது நியாயமில்லை. மூடிய அறையில் கரியமில வாயு ஏறிக்கொண்டே போவதும் ஒரு காரணம். அமெரிக்கக் குளிரூட்டல் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் தரப்படி, ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடியும் சதுர அடிக்கு 0.06 கன அடியும் வெளிக்காற்று வேண்டும். உங்கள் 40 பேருக்கும் 4,000 சதுர அடிக்கும் கூட்டினால் நிமிடத்துக்கு 440 கன அடி. இதைச் சூடாகவும் ஈரமாகவும் அப்படியே உள்ளே விட்டால் ஏசி திணறும். வெளியேறும் குளிர்ந்த காற்றைக்கொண்டு உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் ஈரத்தையும் குறைக்கும் ஆற்றல் மீட்புக் காற்றோட்டக் கருவி ஒன்றைப் பொருத்துங்கள்; ஒப்பந்தக்காரர் செடிச்சுவருக்குக் குறித்திருக்கும் தொகையை இதற்கு மாற்றலாம். செடிகள் காற்றைச் சுத்தப்படுத்தும் என்ற நம்பிக்கை பெரும்பாலும் 1989இல் வெளியான நாசா ஆய்விலிருந்து பரவியது. அது காற்றுப்புகாத சிறு கூண்டுகளில் செய்த சோதனை. உண்மையான அலுவலகத்தில் அதே பயன் கிடைக்க வேண்டுமானால் ஆட்கள் உட்கார இடமில்லாத அளவுக்குச் செடி வைக்க வேண்டும். கண்ணுக்குக் குளிர்ச்சியாகப் பத்துத் தொட்டி வையுங்கள், பாதகமில்லை. குழாய் வழியே நீரும் உரமும், செயற்கை வெளிச்சமும் கேட்கும் செடிச்சுவரைச் சூழல் கணக்கில் எழுதாதீர்கள். திறக்கக்கூடிய சன்னல் உள்ள தளம் கிடைத்தால் டிசம்பர் பின்பாதியிலிருந்து பிப்ரவரி வரை பல நாட்கள் ஏசியே இல்லாமல் ஓட்டலாம், பெருங்குடிக் குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று வீசாத நாட்களில்.

அடுத்தது உள்ளே செய்யும் வேலை. முந்தைய வாடகைதாரர் விட்டுச்சென்ற தரை, பார்ட்டிஷன், மின்கம்பித் தட்டு, கழிப்பறைச் சாதனம் ஆகியவற்றில் எது ஏற்கெனவே ஒழுங்காக இருக்கிறது என்று ஒரு பட்டியல் எடுத்துக்கொண்ட பிறகே வரைபடம் போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் நடப்பது தலைகீழ்: முதலில் எல்லாவற்றையும் உடைப்பது, பிறகு யோசிப்பது. நல்ல நிலையிலுள்ள விட்ரிஃபைடு தரையை நிறம் பிடிக்கவில்லை என்று பெயர்த்துவிட்டு மறுசுழற்சிப் பொருளால் ஆன புதுத் தரை போடுவதைவிட, அதே தரையை வைத்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் மேல். உடைத்தே ஆகவேண்டியவற்றைச் சதுப்பு நிலத்தோரம் கொட்டிவிடாமல், மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் அமைத்திருக்கும் இடிபாட்டுப் பதப்படுத்தும் நிலையத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதை ஒப்பந்தக்காரரின் வேலைப்பட்டியலில் ஒரு வரியாகவே சேருங்கள். பள்ளிக்கரணை அந்தத் தளத்திலிருந்து கூப்பிடு தூரம். உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் 2022இல் சேர்ந்த அந்தச் சதுப்பு நிலத்தைத் தூர்த்ததில் இன்டீரியர் கழிவுக்கும் பங்குண்டு.

ஃபால்ஸ் சீலிங் வேண்டாம் என்பதே என் விருப்பம். அது இல்லையென்றால் மின்விசிறி மாட்ட உயரம் கிடைக்கும், குளிரூட்டும் குழாயில் கோளாறு வந்தால் உடைக்காமல் பார்க்கலாம், ஜிப்சம் போர்டும் இரும்புச் சட்டமும் மிச்சம். ஆனால் வெறும் கான்கிரீட் தளத்தின்கீழ் 40 பேர் தொலைபேசியில் பேசினால் எதிரொலி தாங்காது. மேசைகளுக்கு மேல் மட்டும் ஒலி உறிஞ்சும் தட்டிகளைத் தொங்கவிடலாம். பொள்ளாச்சிப் பகுதியின் தென்னை நார்ப் பலகையும், காவிரிக் கரையில் கரூர் முசிறிப் பக்கம் நெய்யும் கோரைப் பாயும் இதற்குப் பொருத்தமானவை. இரண்டுக்கும் தீத்தடுப்புப் பூச்சு அவசியம், ஈரத்தில் பூஞ்சை பிடிக்காமலிருக்கச் சுவரிலிருந்து சற்று விலக்கி மாட்டுவதும் அவசியம். உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே எல்லாம் ஏற்றதாகிவிடாது. ஆத்தங்குடித் தரைக்கல் சூளையில் சுடாமல் தண்ணீரில் ஊறவைத்தே ஆக்கப்படுவது, அழகானது; ஆனால் தடித்த கலவைப் படுகையின்மேல் பதிப்பதால் நிரந்தரமானது, கனமானது. சொந்தக் கட்டடத்தின் வரவேற்பறைக்கு அதைத் தயங்காமல் சொல்வேன், ஐந்தாண்டு வாடகைத் தளத்துக்குச் சொல்லமாட்டேன். மூங்கில் பலகையும் இப்படித்தான்: மூங்கில் விரைவில் வளர்வது உண்மை, பலகையாக்க எவ்வளவு பசை சேர்ந்தது, எங்கிருந்து கப்பலில் வந்தது என்பதையும் கேட்க வேண்டும்.

மேசையும் அலமாரியும் பிளைவுட்டில் செய்வதானால், பசையிலிருந்து கசியும் ஃபார்மால்டிஹைடு அளவு இ-1 அல்லது அதைவிடக் குறைந்த இ-0 தரத்தில் உள்ளது என்பதற்கான சான்றைக் கேளுங்கள். புது அலுவலகத்தில் கண் எரிவதற்கும் தலைவலிக்கும் அந்த வாயு முக்கியக் காரணம். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் மலிவான எம்டிஎஃப் பலகையில் அது மிகுதி. பெயின்ட்டிலும் ஆவியாகும் கரிமப் பொருள் லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறைவாக உள்ளதைக் கேட்டால் இன்று எல்லாப் பெரிய நிறுவனங்களிடமும் கிடைக்கும். வேலை முடிந்த பிறகு ஆட்களை உள்ளே விடுமுன் இரண்டு வாரமாவது சன்னலைத் திறந்து, மின்விசிறியை ஓடவிட்டுக் காற்றாட விடுங்கள். எதையும் ஒட்டாமல் திருகாணியில் பொருத்தச் சொல்வது, பிரித்தெடுத்து அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகும் வழியைத் திறந்துவைக்கும். நாற்காலிக்குப் புதிதே வேண்டியதில்லை. மென்பொருள் நிறுவனங்கள் தளம் காலிசெய்யும்போது நல்ல நாற்காலிகள் மொத்தமாக விலைக்கு வருகின்றன. சக்கரம், உயரம் மாற்றும் உருளை, இருக்கை நுரை மூன்றையும் மாற்றினால் பல ஆண்டு உழைக்கும்.

விளக்கைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. எல்இடி இன்று இயல்பாகிவிட்டது. மேசைமேல் 300 முதல் 500 லக்ஸ் அளவு வெளிச்சம் போதும், கேபின்களைச் சன்னலோரம் அடுக்காமல் நடுவில் வைத்தால் பகல் வெளிச்சம் எல்லோருக்கும் கிடைக்கும். நிர்வாக இயக்குநரின் அறையைச் சன்னலிலிருந்து நகர்த்துவது பொறியியலைவிடக் கடினமான வேலை என்பதை அறிவேன்.

தண்ணீரில் கவனம் தேவை. தேசியக் கட்டட விதித்தொகுப்பு அலுவலகத்துக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 45 லிட்டர் என்று கணக்கிடுகிறது. 40 பேருக்கு 1,800 லிட்டர். அந்தச் சாலையோரக் கட்டடங்கள் பலவற்றில் இதில் பெரும்பகுதி லாரித் தண்ணீர், அதாவது புறநகர்க் கிராமம் ஒன்றின் கிணற்று நீர். 2019 கோடையில் ஏரிகள் வறண்டபோது நிறுவனங்கள் ஊழியர்களை வீட்டிலிருந்தே வேலைசெய்யச் சொன்னது உங்களுக்கு நினைவிருக்கும். குழாய்களில் நீரோடு காற்றைக் கலக்கும் ஏரேட்டர் பொருத்தினால் நிமிடத்துக்கு 10 லிட்டருக்கு மேல் கொட்டுவதை 3 லிட்டருக்கு இறக்கலாம், செலவு மிகச் சிறிது. கழிப்பறையில் 6, 3 லிட்டர் என இருவகை ஃபிளஷ் வையுங்கள். புழுக்கமான நாளில் ஒரு டன் ஏசியிலிருந்து மணிக்கு ஒரு லிட்டர் அளவுக்கு நீர் வடியும். அதையும், குடிநீருக்கான ஆர்ஓ கருவி கழித்துவிடும் நீரையும் ஒரு தொட்டியில் சேர்த்துத் தரை துடைக்கவும் ஃபிளஷுக்கும் பயன்படுத்தலாம். தேநீருக்கு எவர்சில்வர் டம்ளர் வையுங்கள். பிளாஸ்டிக் பூசிய காகிதக் கோப்பை 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடைசெய்யப்பட்ட பொருள், இன்னும் எல்லா அலுவலகத்திலும் இருந்தாலும்.

சோலார் தகடு நல்லதுதான், முறை வரும்போது. ஒரு கிலோவாட்டுக்கு நிழல் விழாத 100 சதுர அடி வேண்டும், சென்னையில் நாளுக்குச் சராசரியாக 4 யூனிட் கிடைக்கும். பல நிறுவனங்கள் பங்குபோடும் கட்டடத்தின் மொட்டைமாடியில் ஒரு வாடகைதாரருக்கு 1,000 சதுர அடி கிடைத்தாலே பெரிது. அதில் நாளுக்கு வருவது 40 யூனிட். நான் மேலே சொன்ன ஏசிக் கணக்கைச் சரிசெய்தாலே பல தளங்களில் அதைவிடக் கூடுதலாக மிச்சப்படும். தவிர, காலிசெய்யும்போது தகடு யாருக்குச் சொந்தம் என்ற வழக்கும் எழும்.

சான்றிதழைப் பொறுத்தவரை, 2004இல் ஹைதராபாத்தில் திறக்கப்பட்ட சிஐஐ கோத்ரேஜ் பசுமை வணிக மையம் அமெரிக்கப் பசுமைக் கட்டடச் சான்றான லீட்டின் பிளாட்டினம் தரத்தை அந்நாட்டுக்கு வெளியே பெற்ற முதல் கட்டடமானபோது, முற்றமும் காற்றுக் கோபுரமும் சல்லடைச் சுவரும் வைத்த கட்டடத்துக்கு அந்த மதிப்பு பொருத்தமாக இருந்தது. இன்று வாடகைத் தளத்தின் உள்வேலைக்கென்றே இந்தியப் பசுமைக் கட்டட மன்றமான ஐஜிபிசி தனித் தரவரிசை வைத்திருக்கிறது. வெளிநாட்டு வாடிக்கையாளர் கேட்கிறார் என்றால் வாங்குங்கள். கேட்கவில்லையென்றால், மதிப்பீட்டுக் கட்டணத்துக்கும் ஆலோசகருக்கும் ஆகும் தொகையில் ஏசி, விளக்கு, மேசை மின்னிணைப்பு, சர்வர் ஆகிய நான்குக்கும் தனித்தனி மின்மீட்டர் வைக்கலாம். இரவு பத்து மணிக்கு எந்த மீட்டர் ஓடுகிறது என்று பார்த்தால் போதும், எங்கே வீணாகிறது என்பது தெரிந்துவிடும்.

கடைசியாக, உரிமையாளரிடம் பேசவேண்டியவை. கடந்த 12 மாத மின்கட்டண ரசீதையும், டீசல் ஜெனரேட்டர் செலவை எப்படிப் பங்கிடுகிறார் என்பதையும் கேளுங்கள். சதுர அடிக்கணக்கில் பங்கிட்டால் நீங்கள் மிச்சப்படுத்தியது அண்டை நிறுவனத்துக்குப் போகும், எனவே உங்கள் தளத்துக்குத் தனி மீட்டர் வேண்டும். காலிசெய்யும்போது தளத்தைப் பழைய நிலைக்கு மாற்றித்தர வேண்டும் என்ற வழக்கமான நிபந்தனையை, அடுத்து வருபவருக்குப் பயன்படுவதை அப்படியே விட்டுச்செல்லலாம் என்று திருத்தச் சொல்லுங்கள். அந்த வழக்கமான நிபந்தனையால்தான் நல்ல நிலையிலுள்ள பார்ட்டிஷன்கள் ஆண்டுதோறும் உடைபடுகின்றன. மேற்குச் சன்னலுக்கு வெளியே சாய்பலகை பொருத்தவும், வெளிக்காற்றுக் குழாய்க்குச் சுவரில் துளையிடவும் எழுத்தில் அனுமதி வாங்குங்கள். இவற்றையெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே பேசி முடியுங்கள்; கொடுத்த பிறகு எந்த உரிமையாளரும் ஒப்பந்தத்தில் ஒரு வரியைக்கூட மாற்ற முன்வரமாட்டார்.